ராஜா கையால் நிரப்பிய இரண்டு பானைகள்

வெகு காலத்துக்கு முன்னால் மாவடிபுரத்தைச் சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அது முடிகிறவரை அரண்மனையில் ஒருவருக்கும் ஓய்வு கிடையாது. கேள்வி கேட்கும் பழக்கம் வேறு. பால் எப்படித் தயிராகிறது என்று கேட்டு ஒருமுறை சமையல்காரரை அரை நாள் நிறுத்திவைத்தவர்.

அவருக்கு ஒரு நாள், ஏழு நிலை மாளிகை கட்டி உச்சியில் நின்று கடலைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. அரண்மனைக் கட்டடங்களுக்குப் பொறுப்பாளர் வச்சிரபாகு. தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

"ஓடைமருதூர் வயல்களில் இரண்டு முழ ஆழம் வெட்டினால் செங்கலுக்கு மண் கிடைத்துவிடும், அரசே" என்றார்.

"வயலை வெட்டிவிட்டால் குடியானவர்கள் எங்கே உழுவார்கள்?"

"வெட்டிய இடத்திலேயே உழட்டும். கீழே இருப்பதும் மண்தானே."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உத்தரவு போயிற்று.

மூன்றாம் நாள் ஓடைமருதூரிலிருந்து மாடத்தி என்ற பெண் சபைக்கு வந்தாள். முதலில் வெட்டப்போவது அவளுடைய வயலைத்தான். அதை அடுத்து நாற்பது குடும்பங்களின் வயல்கள்.

"மகாராஜா, எங்களுக்குச் சோறு போடுறது மேல இருக்கிற ஒரு சாண் மண்ணுதான். அதை அள்ளிட்டா கீழ இருக்கிறது வெறும் தரை. அதுல ஒண்ணும் விளையாது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்ணில் அப்படி வேறுபாடு உண்டா? எப்படித் தெரியும்?"

தன்னை விட்டுவிட்டு ராஜா ஒரு குடியானப் பெண்ணிடம் கேள்வி கேட்பது வச்சிரபாகுவுக்குப் பொறுக்கவில்லை. "வயலைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை சொல்கிறாள், அரசே. எந்த மண்ணைக் கொடுத்தாலும் நான் கம்பு விளைவித்துக் காட்டுகிறேன்."

"அப்போ காட்டட்டும்" என்றாள் மாடத்தி. "ஒரு பானையில மேல் மண், ஒரு பானையில கீழ் மண். நாப்பது நாள் பொறுத்துப் பாப்போம். ஐயா ஜெயிச்சா எங்க வயலை வெட்டிக்கட்டும்."

ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தானே ஓடைமருதூர் போய், வரப்போரம் குழி தோண்டச் சொல்லி, இறங்கி நின்று பார்த்தார். மேலே ஒரு சாண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார். புதுமழை வாசம். அதற்குக் கீழே மஞ்சளாக, சரளைக்கல்லோடு இறுகிக் கிடந்தது. அதில் ஒரு வாசமும் இல்லை. இரண்டு பானைகளையும் அவரே தன் கையால் நிரப்பினார்.

"பானைகளை எங்கே வைப்பது? காவல் போடட்டுமா?" என்று கேட்டார்.

"காவல் எதுக்கு, மகாராஜா? என் பானை அரண்மனை முற்றத்துல இருக்கட்டும். ஐயா பானையை ஐயா வீட்டுலயே வச்சு வளக்கட்டும்."

விவரம் தெரியாத பெண் என்று சபையில் பலரும் எண்ணிக்கொண்டார்கள். வச்சிரபாகு சிரித்தபடி பானையை எடுத்துப்போனார்.

நாற்பதாம் நாள் சபை நிரம்பிவிட்டது. முற்றத்துப் பானையில் கம்பு இடுப்பளவு நின்றது. வச்சிரபாகுவின் பானையில் அதைவிட ஒரு விரல் கூடுதல். மேலே மஞ்சள் மண் தெரிந்தது.

"பார்த்தீர்களா, அரசே? மண் எல்லாம் ஒன்றுதான்" என்றார் அவர்.

ராஜா மாடத்தியைப் பார்த்தார். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. "ஐயா பானையைக் கவுத்துப் பாக்கலாமா?" என்றாள்.

வச்சிரபாகு பானையின் முன்னால் வந்து நின்றார். "வேர் அறுந்துபோகும்."

"அறுந்தால் அறுந்துபோகட்டும்" என்று ராஜாவே இறங்கிவந்து பானையைக் கவிழ்த்தார். மேலே ஒரு விரல் கனம்தான் மஞ்சள் மண். உள்ளே முழுக்கக் கறுப்பு. போன அறுவடையின் கம்புத்தட்டை ஒன்று மக்கிக் கிடந்தது. நாலைந்து மண்புழுக்கள் வெளிச்சம் பட்டு நெளிந்தன.

"நான் நிரப்பியது மஞ்சள் மண். அதற்கு என்ன ஆயிற்று?"

"முளைத்தது, அரசே. பத்தாம் நாளே வெளுத்துப் படுத்துவிட்டது."

"இந்த மண் எங்கே கிடைத்தது?"

"ஓடைமருதூரில்."

"எந்த ஆழத்தில்?"

வச்சிரபாகு தலை குனிந்தார். "மேலே... ஒரு சாண்."

"கம்பு?"

"அதுவும் அங்கிருந்துதான். வேரோடு பெயர்த்து வந்தேன்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மாடத்தியிடம் திரும்பினார். "இவர் மாற்றுவார் என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"ஜெயிக்கணும்னு நினைக்கிறவரு நல்ல மண்ணைத்தான் தேடுவாரு, மகாராஜா. அவரே தேடட்டும்னுதான் காவல் வேண்டாம்னேன்."

"அந்த ஒரு சாண் சேர எத்தனை காலம் ஆகும்?"

"எங்க பாட்டன் காலத்துல இருந்து தழையும் சாணமும் போடுறோம். நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தஞ்சு வருஷம். நான் பாக்க ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தா அதிகம். ஆனா சரிவுல வரப்பு இல்லேன்னா ஒரே மழையில போயிடும்."

ராஜா கவிழ்ந்த பானையிலிருந்து ஒரு பிடி கறுப்பு மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு, விளைகிற நிலத்தில் எவரும் மேல் மண்ணை அள்ளக்கூடாது என்று உத்தரவிட்டார். மாளிகை வேண்டாம் என்றார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"மேட்டுச் சரிவுல கல் வரப்பு கட்டணும். கல்லும் ஆளும் வேணும்."

"கல் தருகிறேன். ஆளுக்கு வச்சிரபாகு வருவார். இந்த மழைக்காலம் முடிகிறவரை நீ சொல்கிற இடத்தில் கல் அடுக்குவார்."

வச்சிரபாகுவுக்கு முதல் வாரமே உள்ளங்கை கொப்பளித்தது. அடுக்கிய கல் இரண்டு தடவை சரிந்தது. அடியில் பெரிய கல்லை வைக்கச் சொல்லி மாடத்தி காட்டிக்கொடுத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். வச்சிரபாகு மட்டும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு தன் வரப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். மாடத்தி கூப்பிடப் போனாள்.

"கொஞ்சம் இரு, அம்மா" என்றார். மேட்டிலிருந்து தண்ணீர் மண்ணோடு கலங்கி வந்து கல்லில் முட்டி நின்றது. கல் இடுக்குகள் வழியாக மறுபக்கம் கசிந்ததை உள்ளங்கையில் ஏந்தினார். தெளிந்த நீரில் கைரேகை தெரிந்தது.

"மண் எல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

மாடத்தி அவர் கையைப் பிடித்து, கல்லுக்கு மேல்பக்கம் படிந்திருந்த சேற்றில் வைத்தாள்.