பாஞ்சாலிக்கு மூணு நிமிஷம்

டிவியில மைக்கைப் பிடிச்சு ஊரையே மிரட்டின அறிவொளி, கலைத்துறை இயக்குநரா வந்து உக்காந்தாரு. கூத்துக்காரங்க அவரு நடத்துற விழாவுல ஆட இடம் கேட்டுப் போனாங்க.

"பாஞ்சாலி கதை முழுசும் மூணு நிமிஷத்துல முடியணும். இல்லன்னா மேடை கிடையாது!"ன்னாரு அறிவொளி.

கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் தீர்த்தமலை துண்டை விரிச்சு அவரு முன்னால திரையாப் பிடிச்சான். "கூத்துல ராஜா தன் கதையைச் சொல்லிட்டுத்தான் திரையை விட்டு வெளிய வரணும், சாமி. உள்ள யாரு?"

"நானா? வெள்ளத்துல நின்னு செய்தி சொன்னவன்! மந்திரியையே திணறடிச்சவன்! அப்புறம்..."

டீ ஆறிப்போச்சு. தீர்த்தமலைக்குக் கை கடுத்துப்போச்சு. கதை இன்னும் இயக்குநர் நாற்காலிக்கே வந்து சேரல.

துண்டை இறக்கினான். "உங்க கதைக்கே அரைமணி பத்தல, சாமி. எங்க பாஞ்சாலி சபையில அழுதுகிட்டு நிக்கிறா. அவ கதையை மட்டும் சட்டுனு முடின்னா எப்படி?"

அறிவொளி ஆறின டீயை ஓரமாத் தள்ளி வச்சாரு. அப்புறம், "விடிய விடிய ஆடுங்க. நடுவுல பேசமாட்டேன்"னாரு.

"இதுல்லவா சபதம்!"னான் தீர்த்தமலை.