விடுதிக் குடுக்கையில் மீந்த மருந்து

மருதோடைக் காட்டில் ஒரு கீரி இருந்தது. பெயர் கூர்மதி. அந்தக் காட்டுப் பல்கலைக்கழகத்தில் அது வரலாறு படித்துக்கொண்டிருந்தது. ஆனால் விடுதியில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அதுதான் டாக்டர்!

"நீ படிக்கிறது வரலாறு. உனக்கு எப்படிடா மருந்து தெரியும்?" என்று யாராவது கேட்டால் போதும், கூர்மதி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும்.

"பாம்பு கடிச்சா பச்சிலை தின்னு பிழைக்கிற பரம்பரைடா நாங்க! எங்க ரத்தத்துலேயே மருத்துவம் இருக்கு!"

பரம்பரைப் பெருமை பேசுகிறவனிடம் என்ன வாதாடுவது? எல்லா மிருகங்களும் வாயை மூடிக்கொள்ளும்.

ஓடைக்கரையில் நின்ற பெரிய மருத மரம்தான் மாணவர் விடுதி. அதன் வாசல் கிளையில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். அதற்குப் பொதுக்குடுக்கை என்று பெயர். அக்கரையில் இருக்கும் நாரை டாக்டரம்மா, நோய் என்று போனால் ஏழு நாளைக்கு மருந்து உருண்டை கொடுத்து அனுப்புவார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மீதி உருண்டைகளைக் குடுக்கையில் போட்டுவிடுவது விடுதி வழக்கம். அடுத்து யாருக்கு உடம்பு சரியில்லையோ, அது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கிழங்கைப் பகிர்வது போல மருந்தையும் பகிர்ந்துகொள்ளும் தங்கமான பிள்ளைகள்!

மயிலுக்குத் தொண்டை கட்டியது. கூர்மதி குடுக்கையிலிருந்து இரண்டு சிவப்பு உருண்டை எடுத்துக் கொடுத்தது. மூன்றாம் நாள் தொண்டை திறந்துவிட்டது. உருண்டை தின்னாமல் இருந்தாலும் மூன்றாம் நாள் திறந்திருக்கும். ஆனால் அதை யார் யோசித்தார்கள்? "கூர்மதி கைராசிக்காரன்!" என்று காடெல்லாம் கத்திச் சொன்னது மயில். காட்டுப்பன்றி மலையாண்டிக்கு வயிறு கலங்கியபோதும் சிவப்புதான். தவளைக்குத் தலைவலித்தபோதும் சிவப்புதான்.

கூர்மதியின் அறைத்தோழி பூவரசி என்ற முயல். இரண்டும் ஒரே பொந்தில் இருந்தன. பூவரசி கிழங்கியல் கடைசி வருடம். வகுப்பில் அதுதான் முதல். ஓட்டப் பந்தயத்திலும் அதுதான் முதல். புதன்கிழமை கடைசித் தேர்வு. அதை எழுதிவிட்டால் படிப்பு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூவரசியின் பின்னங்கால் வீங்கியிருந்தது. போன மாதம் முள் குத்திய அதே இடம். அப்போது டாக்டரம்மா கொடுத்த சிவப்பு உருண்டையை மூன்று நாள் தின்றதும் வலி போய்விட்டது. மீதியைக் குடுக்கையில் போட்டதும் பூவரசிதான்.

"அக்கரைக்குப் போய் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வரவா?" என்றது பூவரசி.

"அங்க போனா வரிசையில நின்னே ஒரு நாள் போயிடும்! நீ படி. நான் எதுக்கு இருக்கேன்?" என்றது கூர்மதி.

அது ஓடிப்போய்க் குடுக்கையில் கைவிட்டது. இரண்டு சிவப்பு உருண்டையோடு வந்தது. பூவரசி விழுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தது.

திங்கட்கிழமை வீக்கம் குறையவில்லை. கூடியிருந்தது! கூர்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. அதே முயல், அதே கால், அதே உருண்டை. போன மாதம் கேட்ட மருந்து இந்த மாதம் ஏன் கேட்கவில்லை?

செய்தி பரவியது. யோசனை சொல்ல ஆளா இல்லை?

"சிவப்பு சரியில்ல. கறுப்பைக் குடு!" என்றது மயில்.

"கறுப்பு வயித்துக்குடா! மஞ்சள்தான் காலுக்கு!" என்றது மலையாண்டி.

"மஞ்சள் காதுக்கு இல்லையா? எங்க சித்தி காதுக்குத்தானே தின்னாங்க?" என்றது தவளை.

குடுக்கைக்குள் எது யாருடைய உருண்டை, எந்த நோய்க்குக் கொடுத்தது, எத்தனை மழைக்கு முன் போட்டது, ஒருவருக்கும் தெரியாது. கறுப்பு என்று நினைத்த ஒன்று உண்மையில் பழைய சிவப்புதானா என்றுகூடச் சண்டை வந்தது. கூர்மதிக்குத் தலை சுற்றியது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பரம்பரை என்ன ஆவது?

"எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு குடுப்போம். ஏதாவது ஒண்ணு கேக்காமலா போயிடும்?" என்றது அது.

கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பூவரசிக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிறும் கெட்டுப்போனது. "சேனை... கருணை... சிறுகிழங்கு..." என்று கண்ணை மூடியபடி பிதற்றியது. புதன்கிழமை விடிந்தது. தேர்வு மணி அடித்தது. பூவரசியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

கூர்மதி பொந்தைவிட்டு வெளியே ஓடிவந்தது. "மலையாண்டி! இவளைத் தூக்குடா! செத்துப்போயிடுவா போலிருக்குடா!" என்று அலறியது.

மலையாண்டி முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கியது. பின்னாலேயே மயில், தவளை, கழுத்தில் குடுக்கையுடன் கூர்மதி. டாக்டரம்மா வாசலில் நின்ற வரிசை பிளந்து வழி விட்டது.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். முகம் மாறியது. "என்ன குடுத்தீங்க?"

"சிவப்பு ரெண்டு!" "இல்ல, நாலு!" "கறுப்பும் உண்டு!" "அது கறுப்பே இல்ல!"

"போதும்!" என்று டாக்டரம்மா அலகைத் தட்டினார். குடுக்கையைக் கவிழ்த்துப் பார்த்தார். யார் எதற்கு எத்தனை தின்றது, எத்தனை நாளில் நிறுத்தியது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்.

கூர்மதி அழுதேவிட்டது. "டாக்டரம்மா, போன மாசம் இதே சிவப்பு கேட்டுச்சே! முயல் மாறல. கால் மாறல. மருந்தும் மாறல. அப்புறம் என்னதான் மாறிச்சு?"

"கிருமி மாறிடுச்சு," என்றார் டாக்டரம்மா.

எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்து விழித்தன. டாக்டரம்மா மலையாண்டி பக்கம் திரும்பினார்.

"நீ காட்டு வரலாறு பேப்பர்ல அரியர் வெச்சிருந்தியே, எத்தனாவது தடவை பாஸ் பண்ணினே?"

மலையாண்டி வெட்கத்தோடு தரையைக் கிளறியது. "அஞ்சாவது தடவை, டாக்டரம்மா."

"எப்படிப் பாஸ் ஆனே? ரொம்பப் படிச்சியா?"

"எங்க படிச்சேன்? ஒவ்வொரு தடவையும் அதே கேள்வித்தாள்தான் குடுத்தாங்க! பார்த்துப் பார்த்தே பாடமாயிடுச்சு!"

"கிருமியும் அதையேதான் செஞ்சுது," என்றார் டாக்டரம்மா. "ஏழு நாள் மருந்து முழுசும் போயிருந்தா எல்லாக் கிருமியும் தோத்து வெளியே போயிருக்கும். மூணு நாள்ல நிறுத்தினீங்க. லேசான கிருமி செத்துச்சு. முரட்டுக் கிருமி கேள்வித்தாளைப் பார்த்துட்டுத் தப்பிச்சுது. அப்புறம் தொண்டைக்கு ரெண்டு, தலைவலிக்கு ஒண்ணுன்னு தின்னீங்க. வேண்டாத நோய்க்குத் தின்ன ஒவ்வொரு உருண்டையும், உங்க உடம்புல சும்மா கிடந்த கிருமிகளுக்கும் அதே கேள்வித்தாளைக் காட்டிக் குடுத்துச்சு. ஒரே விடுதி, ஒரே ஓடைத் தண்ணி. இப்ப உங்க மரத்துக் கிருமி எல்லாத்துக்கும் சிவப்பு மனப்பாடம்!"

"ஆனா எங்க பரம்பரை..." என்று கூர்மதி ஆரம்பித்தது.

"இவளைப் பாம்பா கடிச்சுது?" என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மா உள்ளே போய் ஒரு சின்னச் சிமிழை எடுத்து வந்தார். மலைக்கு அப்பாலிருந்து வந்த கசப்பு மருந்து அது. "என்கிட்ட இருக்கிற கடைசி மருந்து. பத்து நாள், ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. இதையும் கிருமி படிச்சிடுச்சுன்னா என்கிட்ட வேற கேள்வித்தாள் கிடையாது!"

"அப்ப இந்தக் குடுக்கையை ஓடையில கொட்டிடவா?" என்றது தவளை அவசரமாக.

"ஐயோ! ஓடையில இருக்கிற கிருமியெல்லாம் படிக்கவா? இங்கயே வை!"

கூர்மதி பூவரசியின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வேளை தவறாமல் மருந்து கொடுத்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பூவரசி கண் திறந்து முகத்தைச் சுளித்தது. "கசக்குதுடா. அதான் சரியாயிடுச்சே! மீதியை யாருக்காவது வெச்சிடு."

கூர்மதி சிமிழைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "வாயைத் திற!" என்று அதட்டியது. பத்தாம் நாள் கடைசித் துளி வரை ஊட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டது.

பூவரசி பிழைத்தது. ஆனால் பின்னங்கால் முன்போல மடங்கவில்லை. ஓட்டத்தில் முதலாக வந்த முயல் நொண்டி நொண்டித்தான் விடுதிக்குத் திரும்பியது.

சில நாளில் தேர்வு முடிவுகளை மருத மரத்தில் ஒட்டினார்கள். பூவரசி பெயருக்கு நேரே 'அரியர்' என்று இருந்தது. இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்கு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு, கூர்மதி," என்றது கடைசியில். "மூணு வருஷம் ராப்பகலாப் படிச்ச நான் ஃபெயில். பள்ளிக்கூடமே போகாத கிருமி பாஸ். அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரு?"

கூர்மதியின் கண் வாசல் கிளையில் குடுக்கை தொங்கிய வெற்றிடத்துக்குப் போனது. பிறகு மெல்ல, "நான்தான்," என்றது.

நோய் என்றால் மருத்துவரைக் கேட்டு, அவர் தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை முழுதாகத் தின்று முடிக்க வேண்டும்; பாதியில் நிறுத்தி மீதியை நண்பனுக்குக் கொடுப்பவன், நண்பனுக்கு அல்ல, நோய்க்கே உதவுகிறான்.