மூப்பனின் மகன்

கயிலைநாதருக்கு வாயை அடக்கத் தெரியாது. முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தன்னைவிடப் பத்து வயது இளையவரான திருவம்மையிடம் சீடராகச் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

குருவும் சீடரும் ஊசிப்பாறை என்ற மலைக்கிராமத்துக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே மூப்பன், அதாவது ஊர்த்தலைவர், இறந்துபோயிருந்தார். அன்று உச்சிப்பொழுதில் அவர் மகன் சடையாண்டிக்குத் தலைப்பாகை கட்டிப் புது மூப்பனாக்க ஏற்பாடு. ஆண்தான் மூப்பனாகலாம். சபையில் பொய் சொன்னவர் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும், திரும்பி வரக் கூடாது.

காலையில் சடையாண்டி பாறையில் சறுக்கி விழுந்து விலாவைக் கிழித்துக்கொண்டான். சட்டையைக் கழற்றிப் பச்சிலை வைத்துக் கட்டியவர் கயிலைநாதர். கட்டும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. சடையாண்டி பெண்.

"சபையில சொல்லியே ஆகணும்மா" என்றார் குருவிடம்.

"ஊர்ல யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? கண்ணால பார்த்தேனே!"

"சொன்னா அந்தப் புள்ள கதி?"

"பாவம்தான். அதுக்காக ஒரு ஊரே ஏமாறணுமா?"

குரு எழுந்து சபைக்குக் கிளம்பினார்.

உச்சிப்பொழுதில் சபை கூடித் தலைப்பாகையை எடுத்தபோது கயிலைநாதர் எழுந்தார். உள்ளுக்குள் பயம்தான்.

"நிறுத்துங்க! இது ஆம்பள இல்ல."

நாலைந்து பேர் கம்போடு எழுந்துவிட்டார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

மருத்துவச்சி வெள்ளச்சி முன்னால் வந்தாள். "அது பொறந்தப்ப கையில வாங்குனவ நான் சாமி. எங்களுக்குத் தெரியாதா? மூப்பனுக்கு மூணும் பொண்ணு. மூத்ததுக்கு ஏழு வயசுல ஊரே கூடி வேட்டி கட்டி, பேர் வெச்சு, மகனாக்குனோம். அன்னையிலேர்ந்து அவன் ஆம்பள. சபையில பொய் சொன்னது நீங்கதான்."

அப்போதே இருவரையும் மலையிறங்கச் சொல்லிவிட்டார்கள். கம்புக்காரர்கள் எல்லைவரை பின்னாலேயே வந்தார்கள்.

பாதி வழியில் கயிலைநாதர் வெடித்தார். "உண்மையச் சொன்னவனைத் துரத்துறாங்க! ஊரே கூடிச் சொல்லிட்டா ஒருத்தர் ஆம்பள ஆயிடுவாங்களா அம்மா? உடம்புல இல்லாதது எப்படி வரும்?"

திருவம்மை நின்றார்.

"ரெண்டு நாளா அதே ஊரு உங்களைச் சாமின்னு கும்பிட்டுச்சு. நீங்களும் கை தூக்கி ஆசி குடுத்தீங்க. அந்தச் சாமி உங்க உடம்புல எந்த இடத்துல இருக்கு? காட்டுங்க."