பின்னால் நின்றவன்

ஜவுளிக்கடை வேலை போனபின், ஐம்பது வயதில், ஆவுடையப்பன் போட்டோ திருத்தக் கற்றுக்கொள்ள வந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருந்த மெர்லினுக்கு முப்பது வயதுதான். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு மாலை பொன்மலர் என்ற பெண் மகளின் மூன்று படங்களைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"பிள்ளை மட்டும் தெரிஞ்சா போதும். பின்னால நிக்கிறவங்களை எடுத்துருங்க."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆவுடையப்பன் வேலையைத் தொடங்கினார். குற்றாலத்தில் எடுத்த படத்தில் கூட்டம் மறைந்து பாறை தெரிந்தது. கல்லூரி விழாவில் ஆட்கள் போய்ச் சுவர் வந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது.

"டீச்சர், எதை அழிக்கணும், எதை விடணும்னு எப்படித் தெரியும்?"

மெர்லின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அவர் அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று படங்களையும் திரையில் வரிசையாக வைத்தாள்.

"பின்னால நிக்கிறவங்க முகத்தைப் பாருங்க."

அருவிக் கூட்டத்தில் ஒருவன் அருவியைப் பார்க்கவில்லை. விழாவிலும் அவனே, மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாவது, வீட்டு வாசலில் எடுத்த படம். அதிலும் கேட்டுக்கு வெளியே அவன்தான் நின்றான், பெண்ணையே பார்த்தபடி.

ஆவுடையப்பன் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டுல நானே அழிச்சேன் டீச்சர். கவனிக்கலையே."

மெர்லின் திரும்பினாள். "இவனை உங்களுக்குத் தெரியுமாக்கா?"

பொன்மலர் தரையைப் பார்த்தாள். "ரொம்ப நாளா பின்னாலயே வாரான். வெளிய தெரிஞ்சா பிள்ளையைத்தான பேசுவாங்க."

"அவ இப்ப எங்க?"

"காலேஜ் விட்டு பஸ்ல வந்துக்கிட்டிருப்பா."

பொன்மலர் மகளுக்குப் போன் போட்டாள். அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தவளின் குரல் ஸ்பீக்கரில் கேட்டும் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"அம்மா, கடைசி சீட்டுல இருக்கான்."

மெர்லின் போனை வாங்கினாள். "கண்டக்டர் பக்கத்துல போய் நில்லு. உங்க ஸ்டாப்புல இறங்காத. ஜங்ஷனுக்கு வா. நாங்க நிக்கோம்."

மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது, போனது. பொன்மலர் ஒவ்வொரு படியாக எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் முன்படி வழியாக மகள் தர்ஷிகா இறங்கினாள். பின்படி வழியாக அவன் இறங்கினான். அவர்களைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டான்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் தர்ஷிகா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்மா."

பொன்மலர் அழுதாள். மறுக்கவில்லை.

மெர்லின் வாசல் படத்தைத் திறந்தாள். தர்ஷிகாவை அழித்தாள். மிச்சமிருந்தவனின் முகத்தைப் பெரிதாக்கி, தெளிவாக்கி, பிரிண்ட் போட்டாள்.

ஆவுடையப்பன் திகைத்தார்.

"பிள்ளையவே எடுத்துட்டீங்களே டீச்சர்?"

"எல்லாரும் அவளையேதான் பார்க்காங்க அண்ணாச்சி. இதுல அவனைப் பார்க்கட்டும்."