அழைப்பிதழில் விழுந்த ஓட்டை

ஒரு காட்டில், குழந்தைகளே, கணினி செய்யும் குருவிகள் இருந்தன. சிரிக்காதீர்கள். தூக்கணாங்குருவி கட்டும் கூட்டை நீங்கள் ஒரு முறை பார்த்திருந்தால் சிரிக்கமாட்டீர்கள். வெறும் புல்லையும் நாரையும் வைத்துக்கொண்டு, புயலுக்கும் அசையாத வீடு கட்டுகிற அந்தச் சின்ன அலகுக்குக் கணினி செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அவற்றின் தொழிற்கூடம் ஒரு நாவல் மரத்தின் உச்சியில் இருந்தது. கூடத்தின் தலைவர் பெயர் பொன்முடி. அதிகம் பேசாத குருவி. யார் எதைக் கேட்டாலும், "வேலை முடியட்டும், பார்க்கலாம்" என்பார். அவர் பேசுவதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்து தை பிறந்ததும் பொன்முடி புதுக் கணினி ஒன்றை வெளியிடுவார். மரத்தடிப் பாறையில் அதை வைத்து, மேலே இலைத் திரை போட்டிருப்பார்கள். திரை விலகியதும், வரிசையில் முதலில் நிற்பவர் அதை முதலில் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு 'முதல் தொடுகை' என்று பெயர். அந்தப் பெருமைக்காகக் காடே முட்டி மோதும்.

எப்போதும் முதலில் நிற்பவன் வாலப்பன் என்ற குரங்கு. பொன்முடியின் கணினி என்றால் அவனுக்கு உயிர். பழைய கணினிகளையெல்லாம் ஒரு மரப்பொந்தில் அடுக்கி வைத்து, தினமும் வாலால் தூசி தட்டுவான். யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போய்விடுவான். அவனுடைய அன்பில் பொய்யே கிடையாது. ஆனால் வாயை மட்டும் அவனால் சும்மா வைத்திருக்க முடியாது.

அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் தொழிற்கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. 'டொம்! டொம்!'

"கேட்டீர்களா?" என்றான் வாலப்பன். "பறை அடிக்கிறார்கள்! புதுக் கணினி பாட்டுப் பாடப் போகிறது!"

"பாடப் போகிறது! பாடப் போகிறது!" என்று காடெங்கும் பறந்து சொன்னது பவளமூக்கி என்ற கிளி. ஒரு செய்தி அதன் காதில் விழுந்தால் போதும், சூரியன் சாய்வதற்குள் எறும்புப் புற்று வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

துள்ளி என்ற முயல் உடனே நம்பியது. துள்ளி எதையும் உடனே நம்பும்.

சில நாளில் நாவல் மரத்தின் அடியில் ஓர் அழைப்பிதழ் தொங்கியது. பெரிய தேக்கிலை. அதில், 'தை பிறந்த மறுநாள் காலை வாருங்கள். இந்த முறை எல்லோருக்கும்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

வாலப்பன் இலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். தலைகீழாகத் தொங்கிப் பார்த்தான். திடீரென்று கத்தினான்.

"ஓட்டை! இலையில் ஒரு ஓட்டை!"

உண்மைதான். ஓரத்தில் மிளகளவு ஓர் ஓட்டை இருந்தது.

"பொன்முடி ஐயா காரணம் இல்லாமல் ஓட்டை போடுவாரா?" என்றான் வாலப்பன். "இது குறிப்பு! புதுக் கணினியில் ஓட்டை இருக்கிறது. கிளையில் மாட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். என்ன மூளை, என்ன மூளை!"

"தொங்கவிடலாம்! தொங்கவிடலாம்!" என்று கிளி பறந்தது.

மறுநாள் ஓட்டை நாவல்பழ அளவுக்குப் பெரிதாகியிருந்தது. "இரண்டாவது குறிப்பு!" என்று வாலப்பன் குதித்தான். அதற்கடுத்த நாள் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை. "அப்படியென்றால் இரண்டு வகை வருகிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று!" என்றது முயல். இப்போது அதற்கும் குறிப்புப் படிக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் ஓட்டைகள் பெருகப் பெருகக் கணினியும் வளர்ந்தது. அது பறக்கும் என்றார்கள். தேன் தரும் என்றார்கள். கடைசியில் இலையில் நரம்பு மட்டும் மிஞ்சியபோது, "கணினி கண்ணுக்கே தெரியாது!" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்ற ஒருத்தியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பெரியநாயகி என்ற யானை.

அவளுடைய மகள் சின்னமணி வேறொரு கூட்டத்தோடு மேற்கு மலைக்குப் போய்விட்டாள். அங்கேயும் பழைய கணினி ஒன்று இருந்தது. இங்கிருந்து மடல் அனுப்பினால் சின்னமணி படித்துக்கொள்வாள். ஆனால் எழுதுவது எப்படி? கணினியின் விசைகள் கொட்டைப்பாக்கு அளவுதான். தும்பிக்கையை வைத்தால் பத்து விசை ஒன்றாக அமுங்கும்.

அதனால் பெரியநாயகி சொல்லச் சொல்ல, கிளிதான் மடல் எழுதிக் கொடுத்தது. ஒருமுறை அவள், "உன் நினைவாகவே இருக்கிறது, தூக்கமே வரவில்லை" என்று சொல்லி எழுதச் சொன்னாள். மறுநாள் வழியில் பார்த்த நரியெல்லாம், "என்ன பெரியம்மா, நேற்றாவது தூக்கம் வந்ததா?" என்று கேட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து அவள் கிளியிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நான் நலம். நீ நலமா என்று எழுது."

பாவம், ஒரு தாய்க்கு அது போதுமா?

போன ஆண்டு வெளியீட்டு நாளில், 'நாமே எழுதிப் பார்ப்போமே' என்று ஆசைப்பட்டுக் கணினியைத் தொட்டாள். நொறுக்கென்று விசைகள் உடைந்து சிதறின. கூட்டம் சிரித்தது. எல்லோரும் போன பிறகு, அவள் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தும்பிக்கையால் பொறுக்கி, மரத்தடியில் சேர்த்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனாள்.

இந்த ஆண்டு இலையில் முதல் ஓட்டை விழுந்த அன்றைக்கே அவளும் வந்து பார்த்திருந்தாள். "ஏனப்பா வாலப்பா, 'எல்லோருக்கும்' என்று போட்டிருக்கிறதே. அதில் நானும் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சும்மா அழகுக்கு எழுதுவது பெரியம்மா. நீங்கள் ஓட்டையைப் பாருங்கள், ஓட்டையை!" என்றான் அவன்.

அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லையே பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியீட்டு நாள் வந்தது. முதலில் வாலப்பன், அடுத்து முயல், அதன் பின்னால் காடே நின்றது. வரிசையின் கடைசியில், யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று பத்தடி தள்ளிப் பெரியநாயகி நின்றாள்.

திரை விலகியது.

பாறையின் மேல் ஒரு கணினி இருந்தது. அகலமாக, தட்டையாக, கருங்கல் நிறத்தில் இருந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பறக்கவில்லை, பாடவில்லை, தேனும் சொட்டவில்லை.

வாலப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடியில் குனிந்து பார்த்தான்.

"ஐயா, ஓட்டை எங்கே?"

"எந்த ஓட்டை?" என்றார் பொன்முடி.

"மாட்டுகிற ஓட்டை! அழைப்பிதழிலேயே காட்டினீர்களே!"

"நாங்கள் ஓட்டை எதுவும் போடவில்லையே" என்று பொன்முடி விழித்தார்.

வாலப்பனுக்கு அழுகை முட்டியது. மழையில் நனைந்துகொண்டு இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தான்! "ஓட்டை இல்லாத பெட்டியை நான் தொடமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்படியானால் நானும் தொடமாட்டேன்" என்றது முயல்.

"ஏமாற்றம்! ஏமாற்றம்!" என்று கிளி கத்திக்கொண்டே பறந்தது. வரிசை அப்படியே கலைந்தது. ஒவ்வொருவராக விலக விலக, பாறைக்கு எதிரே பெரியநாயகி மட்டும் மிஞ்சினாள்.

"வாருங்கள் அம்மா" என்றார் பொன்முடி. "முதல் தொடுகை உங்களுடையது."

"வேண்டாம் ஐயா" என்று அவள் பின்வாங்கினாள். "போன ஆண்டு உடைத்தது போதாதா? என் மூக்கு உங்கள் வேலைக்கு ஆகாது."

"உங்கள் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் விசைதான் சரியில்லை" என்றார் பொன்முடி. "நீங்கள் துண்டுகளைப் பொறுக்கி வைத்ததை மேலிருந்து பார்த்தேன். அதன் பிறகு மழைக்காலம் முழுக்க இந்த விசைகள் மேல் பலாப்பழத்தைத் தூக்கிப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். எத்தனையோ உடைந்தன. இது உடையவில்லை. எறும்பு நடந்தாலும் எழுதும், யானை அழுத்தினாலும் தாங்கும். தொடுங்கள்."

பொன்முடி அத்தனை பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

விலகிப் போய்க்கொண்டிருந்த வாலப்பன் நின்றான். 'டொம் டொம்' என்று கேட்டது பலாப்பழமா?

பெரியநாயகி தும்பிக்கையை நீட்டினாள். பலாச்சுளை அளவு அகலமாக இருந்த ஒரு விசையின் மேல் நுனியை வைத்தாள். அது மெத்தென்று அமுங்கி எழுந்தது. கணினியின் திரையில் ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து, பெரிதாகத் தோன்றியது. இன்னொன்று. மற்றொன்று. சற்று நேரத்தில் திரையில் 'சின்னமணி' என்று இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது இரண்டும் அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது.

விலகிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் கை தட்டியது யார் தெரியுமா? வாலப்பன்தான். அவன் அப்படிப்பட்டவன். "ஐயா! ஐயா! இப்படி ஒன்றை யாராலும் யோசித்திருக்க முடியாது! நானே யோசிக்கவில்லையே!" என்று குட்டிக்கரணம் போட்டான். பிறகு பாறையை நோக்கி ஓடினான். "முதல் தொடுகை... அது..."

"முடிந்துவிட்டது" என்றார் பொன்முடி. "பெரியம்மா எழுதி முடிக்கட்டும். வரிசையில் நில்லுங்கள்."

வாலப்பன் திரும்பிப் பார்த்தான். கலைந்து போன கூட்டம் அதற்குள் திரும்பி வந்து, மரத்தைச் சுற்றி நீளமாக வரிசை கட்டியிருந்தது. முயல்கூட முன்னால் போய் நின்றுகொண்டது. வாலப்பன் கடைசிக்குப் போனான். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் அழைப்பிதழின் நரம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் காம்பில், உருண்டு திரண்ட ஒரு பச்சைப் புழு படுத்திருந்தது.

வாலப்பன் புழுவைப் பார்த்தான். நரம்பைப் பார்த்தான். மறுபடியும் புழுவைப் பார்த்தான்.

"நீயா?"

"இலை நல்ல ருசி" என்றது புழு. "தினமும் வந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக் குதித்தாயே. உன்னைப் போல் அன்பானவனை நான் பார்த்ததே இல்லை, தம்பி."

முன்னே பெரியநாயகி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. சொல்லாமல் வைத்திருந்தது நிறைய இருந்தது. "இதே போல் இன்னொன்று மேற்கு மலைக்குக் கழுகிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் அம்மா. உங்கள் மகளும் தன் கைப்பட எழுதட்டும்" என்று பொன்முடி சொன்னபோதுதான் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

கிளியால் பொறுக்க முடியவில்லை. பறந்து வந்து அவள் முதுகில் உட்கார்ந்தது. "என்ன பெரியம்மா எழுதுகிறீர்கள்? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்!"

பெரியநாயகி தன் பெரிய காதுகள் இரண்டையும் முன்னால் விரித்துத் திரையை மூடிக்கொண்டாள். "இது எனக்கும் என் மகளுக்கும்" என்றாள்.

அவள் என்ன எழுதினாள் என்று என்னிடமும் கேட்காதீர்கள், குழந்தைகளே. எனக்குத் தெரியாது. அந்தக் காட்டில் இன்று வரை யாருக்கும் தெரியாது.

நீதி: இல்லாததைத் தேடுகிற கண்ணுக்கு, எதிரே இருப்பதன் அருமை தெரியாது.