திரவியம் சாரின் படிகம்

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். குருவுக்கு முப்பத்தைந்து, சீடருக்கு நாற்பத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் குரு, சீடர் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. கைடு என்பார்கள், ஸ்காலர் என்பார்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் நான் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

குருவின் பெயர் மெர்சி. வேதியியல் துறையில் பேராசிரியர். பேச்சில் சிக்கனம். சீடர் திரவியம், பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வேதியியல் நடத்திவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய இளவயது ஆசை. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. திரவியம் புதிதாக ஒரு சேர்மம் செய்திருந்தார். அதைக் கரைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மெல்ல மெல்ல உலரவிட்டு, படிகமாக வளர்க்க வேண்டும். படிகம் வந்தால்தான் அதற்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று எக்ஸ்ரே வைத்துப் பார்க்கலாம். பார்த்தால்தான் ஆய்வேடு எழுதலாம். எழுதினால்தான் டாக்டர். கடுகளவு படிகம் ஒன்று போதும். அந்தக் கடுகு வரவில்லை. ஒவ்வொரு முறையும் குப்பியின் அடியில் மாவுதான் படிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் துறையின் ஆண்டுவிழா வந்தது. திரவியம் தன் பங்குக்குக் கருப்பட்டி ஐஸ்கிரீம் செய்துகொண்டு வந்தார். ஒரு வாளி நிறைய ஐஸ்கட்டி, அதில் கல்லுப்பு, நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தில் பாலும் கருப்பட்டியும். உப்பு போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும் என்பதைப் பிள்ளைகளுக்கு நடத்தி நடத்தி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அதை ஐஸ்கிரீமாக்கித் தின்றது அன்றைக்குத்தான். ஆண்டுவிழாவில் யார் என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஐஸ்கிரீம் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை திரவியம் மெர்சியின் அறைக்குள் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், ஒரு வருஷம் பிரேக் எடுத்துக்கலாமா?”

“எதுக்கு சார்?”

“பீச் ரோட்டுல என் கூட்டாளி ஆபிரகாம் கடை வச்சிருக்கான். காலி பண்ணப் போறான். எனக்குத் தாரேங்கான். சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும்.”

“என்ன கடை போடப் போறீங்க?”

“ஐஸ்கிரீம்.”

அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் திரவியத்துக்கு நிலைகொள்ளவில்லை. கருப்பட்டி ஒன்று, நுங்கு ஒன்று, சுக்குக் காப்பி ஒன்று. சுக்குக் காப்பியை எப்படி ஐஸ்கிரீம் ஆக்குவது என்று மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார். கோடைக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்றார். கடைக்கு வெளியே பெஞ்சு எந்தப் பக்கம் போட்டால் கடல் தெரியும் என்பது வரைக்கும் அவரிடம் திட்டம் இருந்தது. நாலு வருஷத்தில் தன் ஆராய்ச்சியைப் பற்றி அவர் ஒரு தடவைகூட இப்படிப் பேசியதில்லை. மெர்சி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துருவீங்களா?”

திரவியம் நாற்காலியை இழுத்தார். பிறகு உட்கார்ந்தார். அத்தனை நேரமும் நின்றது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“வந்துரணும்னுதான் மேடம்.”

“பிரேக்கா? விடுறதா?”

“அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன். ஐஸ்கிரீம் மேல உள்ள ஆசையில போறேனா, படிகம் வரலைங்கிற பயத்துல ஓடுறேனா? ராத்திரி எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கே பிடிபடல. ஆசைன்னா போயிரலாம். பயம்னா போகக்கூடாதுல்ல. ரெண்டுல எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

மெர்சி எழுந்து ஆய்வகத்துக்குப் போனார். திரவியம் பின்னால் போனார்.

ஜன்னலோரம் திரவியத்தின் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அலுமினியத் தாள், அதில் ஊசித் துளைகள்.

“இன்னைக்கு இதையெல்லாம் எடுத்துப் பாத்தீங்களா சார்?”

“காலையில ஒரே ஒரு தடவை மேடம்.”

அடுத்த மேசையில் வேலை செய்துகொண்டிருந்த பொன்ராணி திரும்பினாள். அவளும் மெர்சியிடம் ஆராய்ச்சி செய்கிறவள்தான்.

“அண்ணாச்சி, நான் வந்த பிறகே மூணு தடவை எடுத்தாச்சு. ஒரு தடவை ஆட்டிவேற பாத்தீங்க.”

திரவியம் அசடு வழிந்தார். படிகம் வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் இது. குப்பியைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, இருக்கிற இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இது தெரியாத ஆள் இல்லை. ஆனால் கை கேட்காது. எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, துளை போதவில்லையோ என்று இன்னும் ரெண்டு குத்தி வைப்பார். மறுநாள் மாவு.

“மிச்சம் இருக்கிறதைக் கரைச்சுக் கொண்டு வாங்க” என்றார் மெர்சி.

சேர்மத்தில் மிச்சம் இருந்தது கொஞ்சந்தான். திரவியம் அதைக் கரைத்து வடிகட்டிப் புதுக் குப்பியில் எடுத்து வந்தார். மெர்சி அதன் வாயைத் தாளால் மூடி, ஊசியால் குத்தி, தன் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் லேப் பக்கம் வராதீங்க சார்.”

“அப்ப என் கேள்வி?”

“வீட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை வரும்போது எனக்கும் கொண்டு வாங்க.”

திரவியம் அதை ஆழமாக யோசித்தார். அதில் ஏதோ பெரிய பொருள் இருப்பதாக அவருக்குப் பட்டது.

“இதுதான் பதிலா மேடம்?”

“இல்லை சார். எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும்.”

அந்த வாரம் திரவியத்தின் வீட்டு அடுப்படி பட்ட பாடு சொல்லி முடியாது. முதல் தடவை கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டு அத்தனையும் திரிந்துபோனது. வேதியியல்காரருக்கு இது வரலாமா என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். அடுத்தது நன்றாக உறைந்தது. அவர் மனைவி ஜெயராணி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, அவரையே பார்த்தாள்.

“கடல் தண்ணியில செஞ்சீங்களா?”

வாளியிலிருந்த உப்புத் தண்ணீர் தூக்குக்குள் போயிருந்தது. திரவியம் சிரித்தார். சிரித்துக்கொண்டே தூக்கைக் கழுவி மறுபடியும் ஆரம்பித்தார்.

மூன்றாவது நறநறவென்று இருந்தது. நாக்கில் ஐஸ் துணுக்குகள் தட்டுப்பட்டன. லேபில் கூப்பிட்டாலும் வராத படிகம் இங்கே கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தது. இதற்கு ஒரே வழி கிண்டிக்கொண்டே இருப்பதுதான். கையை எடுத்தால் துணுக்கு கட்டிவிடும். திரவியம் தூக்குக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து கிண்டினார். வலக்கை ஓய்ந்தால் இடக்கை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள் ஜெயராணி. அது ஆறிப்போனது. ஐஸ்கிரீம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தபோது அவர் தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுத்தார். மீன்காரர் காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். திரவியம் இன்னொரு கரண்டி போட்டார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

ஆனால் குப்பியை மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தினமும் சாயங்காலம் பொன்ராணிக்குப் போன் போட்டுவிடுவார்.

“மேடம் அலமாரியைத் திறந்தாங்களா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சாவி துவாரம் வழியா ஏதாவது தெரியுதா?”

“போனை வச்சிருதேன் அண்ணாச்சி.”

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தெர்மாகோல் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குகிறவர் மாதிரி தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே ஐஸுக்கு நடுவில் டப்பா. ஆய்வகத்துக்குள் எதையும் சாப்பிடக்கூடாது என்பது விதி. அதனால் வராந்தாவில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்து, டப்பாவைத் திறந்து, காகிதக் கிண்ணங்களில் எடுத்துவைக்க ஆரம்பித்தார். வாசனைக்கே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

மெர்சி அறைக்குள் அலமாரியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். அப்படியே இருந்தார். பிறகு குப்பியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்துவிட்டுப் பொன்ராணி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மைக்ரோஸ்கோப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு மெர்சி வாசலுக்கு வந்தார்.

“சார், வந்துருச்சு. உங்க படிகம் வந்துருச்சு.”

வராந்தாவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திரவியம் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அதைப் பெட்டிக்குள் இறக்கி, பெட்டிக்கும் மூடி போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கற்கண்டுத் துண்டாக நின்றது அது. ஓரம் ஒவ்வொன்றும் கூர்மையாக, உள்ளே ஒரு கீறல்கூட இல்லாமல், துல்லியமாக. ஒன்றல்ல, பக்கத்தில் இன்னும் இரண்டு. நாலு வருஷம் மாவாகவே பார்த்த பொருளுக்கு இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது. திரவியத்துக்குக் கண் நிறைந்து, பார்த்தது மங்கிப்போனது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பொன்ராணி அவரைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் அழுதாள். அதைக் கண்டு திரவியம் சிரித்தார்.

சேதி மாடி முழுக்கப் பரவியது. பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் வந்தார்கள். துறைத் தலைவரே படியேறி வந்து திரவியத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இன்னும் ஆறு மாசத்துல முடிச்சுரலாம் திரவியம். இனிமே நீங்க டாக்டர்தான்.”

வந்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். படிகம் வந்ததற்காகவே அவர் ஐஸ்கிரீம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. கடை விஷயம் தெரிந்த ஒருவர், கடையாவது கிடையாவது, இனிமேல் யாராவது போவார்களா என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். திரவியமும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே அடுத்த கிண்ணத்தை நீட்டினார்.

கூட்டம் கலைந்தது. மெர்சி மட்டும் வராந்தாக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தன் கிண்ணத்திலிருந்ததை மெதுவாகத் தின்றுகொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு மேடம்?”

“அருமையா இருக்கு சார்.”

“நறநறன்னு இல்லையே?”

“இல்லை.”

திரவியமும் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்தார்.

“ஒரேயடியா குழம்பிட்டேன் மேடம். படிகம் வராம இருந்திருந்தா, பயந்து ஓடுறேன்னு நினைச்சு இங்கேயே கிடந்திருப்பேன். இப்ப வந்துருச்சு. இனி பயம்னு ஒண்ணும் இல்லை. ஆனா இப்ப விட்டுட்டுப் போனா, கையில வந்ததை உதறிட்டுப் போற கிறுக்கன்னுதான் சொல்லுவாங்க. எனக்கே அப்படித்தான் தோணுது. நாளைக்கு ஆபிரகாமுக்குச் சொல்லியாகணும். அன்னைக்குக் கேட்டதையே திரும்பக் கேக்கேன். எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

மெர்சி கிண்ணத்தின் அடியை வழித்து வாயில் வைத்தார். அவசரப்படவில்லை.

“நீங்க போனா எனக்குத்தான் கஷ்டம். அந்தப் படிகத்தை வச்சு மிச்சத்தை எழுத எனக்கு ஆள் வேணும். அதனால நான் சொல்றதை யோசிச்சு எடுத்துக்கோங்க.”

“சொல்லுங்க மேடம்.”

“நாலு வருஷமா நீங்க தேடினது வந்துருச்சுன்னு நான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன் சார். நீங்க ஐஸ்கிரீமுக்கு மூடி போட்டுட்டுத்தான் வந்தீங்க.”