சந்தனப் பொட்டின் கனம்

தீர்ப்புச் சொல்வதென்றால் நம்மில் யாருக்கும் நாக்கு ஊறத்தான் செய்யும். அதுவும் அடுத்தவர் செய்த தவறென்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு வழக்கு வைத்திருக்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

கோவைக்குப் பக்கத்தில் பம்பு உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் பெண்களை அங்கே பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். நூல் பிடித்த கைகளை இரும்புக்குப் பழக்கும் பொறுப்பு மேகலாவுடையது. பாலிடெக்னிக் முடித்தவள், பயிற்சிக்கு வந்தவர்களைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவள் அவர்களை அக்கா என்பாள், அவர்கள் அவளை மேடம் என்பார்கள். புஷ் என்ற சின்ன உருளையைக் கடையச் சொல்லிக் கொடுத்தாள். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் தட்டில் துளை போடச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டிலும் எல்லாரும் தேறிவிட்டார்கள். மிச்சமிருந்தது பம்புக்குள் போகும் வளையம். அதன் தடிமன் ஒரு மயிரிழை கூடினாலும் பம்பு சுற்றாது.

தடிமன் பார்க்க டயல் உண்டு. சரியான அளவில் செய்து வைத்த ஓர் இரும்புக் கட்டையை முதலில் டயலுக்கு அடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கட்டைக்கு மாஸ்டர் என்று பெயர். பிறகு அதை எடுத்துவிட்டு வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்தில் நின்றால் வளையம் சரி. மாஸ்டர் தப்பினால் அத்தனையும் தப்பு.

வளைய வேலையை விஜயதசமியன்று தொடங்கலாம் என்றாள் மேகலா. எல்லாருக்கும் சந்தோஷம். முந்தின நாள் ஆயுதபூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த ரங்கநாயகி அக்கா மாஸ்டரைக் கண்டதும் நின்றாள். எல்லா வளையத்துக்கும் இதுதானே தாய் என்று அதன் தலையிலும் ஒரு பொட்டு வைத்தாள், கொஞ்சம் தாராளமாகவே. மாஸ்டரில் எதுவும் படக்கூடாது, துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பாடம் வளையத்தோடு மறுநாள்தான் வர வேண்டியது.

மறுநாள் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் முறை தஸ்லிமா அக்காவுடையது. மாஸ்டரின் தலையில் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தவளுக்குக் கை வரவில்லை. பூஜைக்கு வைத்ததைத் தான் துடைத்தால் யார் மனமாவது நோகுமோ என்று பயந்தாள். அதனால் மேகலாவிடமே கேட்டுவிட்டாள்.

"மேடம், மாஸ்டர்ல சந்தனம் இருக்குதுங்க. அப்படியே வெச்சுரலாங்களா?"

மேகலா அப்போது தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கட்டும்க்கா, எதையும் கலைக்காதீங்க" என்றாள்.

படம் எடுத்து முடித்ததும் பொரியும் கடலையும் வந்தன. ஆர்டர் அவசரம் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்தது. துடைக்கும் பாடம் மேகலாவுக்கு மறந்தே போயிற்று. வளையங்கள் தயாராகி, முலாம் பூசப்பட்டு, பம்புக் கம்பெனிக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன. எல்லாமே தடிமன் அதிகம். முலாம் பூசிய பிறகு தேய்க்கவும் வழியில்லை, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

மேகலா மாஸ்டரை எடுத்து நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. அந்தப் பொட்டின் கனம்தான் ஒவ்வொரு வளையத்திலும் ஏறியிருந்தது. தான் சொன்ன பதில் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மேனேஜர் வரதராஜுலு விசாரித்து, பாதியைத் தெரிந்துகொண்டு வந்தார். "பொட்டு வெச்சது ஒருத்தர், துடைக்காம விட்டது ஒருத்தர். இந்த ரெண்டு பேர்ல யாரு தப்புன்னு நீங்களே சொல்லுங்க மேகலா. அவங்க நாளைல இருந்து வர வேண்டாம்" என்றார்.

ரங்கநாயகி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டு வைத்தது தானே என்றாள். ஆலை மூடியபிறகு அவள் வேலை தேடி அலைந்த அலைச்சல் எல்லாருக்கும் தெரியும். தஸ்லிமா அக்கா அவளைப் பேசவிடவில்லை.

"அவங்களுக்குத் தெரியாதுங்க சார். நான் கண்ணால பார்த்தும் துடைக்கல. என் பேரைப் போட்டுக்கங்க."

தான் கேட்டதையும் கிடைத்த பதிலையும் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. மேகலாவின் பக்கம் திரும்பவும் இல்லை.

மேனேஜரின் கணக்கில் மேகலாவின் பெயரே இல்லை. அது அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போனாள். மெஷின் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று மனதுக்குள் ஒரு சாக்கு சொல்லிப் பார்த்தாள். அது அவளிடமே எடுபடவில்லை. அவளும் பேசவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் மறுபடியும் கேட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொட்டு வைத்தவள், பார்த்தும் துடைக்காதவள், பார்க்காமலே பதில் சொன்னவள். மேகலா யார் பெயரைச் சொல்வது சரி?

விடை: ரங்கநாயகிக்குச் சொல்லித் தராத பாடத்துக்கு அவளைத் தண்டிக்க முடியாது. தஸ்லிமா சந்தேகப்பட்டாள், கேட்டாள், கிடைத்த பதில்படி நடந்தாள். பயிற்சிக்கு வந்தவள் வேறென்ன செய்வாள்? எனவே பெயர் மேகலாவுடையது. இதுவரை நீங்களும் சரியாகவே சொல்லியிருப்பீர்கள். ஆனால் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது வெறும் கவனக்குறைவு, யாருக்கும் நேரக்கூடியது. தஸ்லிமா தன் பிழைப்பையே தூக்கிக் கொடுத்தபோது மேகலா வாய் திறக்காமல் நின்றாளே, அவள் செய்த குற்றம் அதுதான். கடைசியில் மேகலா நடந்ததைச் சொல்லித் தன் பெயரையும் சொன்னாள். அக்காக்கள் இருவருக்கும் வேலை நிலைத்தது. வேலை போய் மேகலா கிளம்பும்போது தஸ்லிமா வாசல்வரை வந்து, "நீங்க சொல்லிருவீங்கன்னு எனக்குத் தெரியுங்க மேடம்" என்றாள். தனக்கே அது தெரியாமல் இருந்ததை மேகலா அவளிடம் சொல்லவில்லை.